இரண்டு வெள்ளை வீழ்படிவுகள்

எண்ணிட்ட நான்கு குப்பிகள். ஒன்று நீலம், ஒன்று வெளிர்பச்சை, மற்ற இரண்டும் தண்ணீரைப் போல நிறமற்றவை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நேர்மின் அயனி. மூன்று மணி நேரத்துக்குள் நான்கையும் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

நீலக் குப்பி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதும் நீல வீழ்படிவு, அதாவது கரையாமல் பிரிந்து படியும் திண்மம். வேறொரு குழாயில் அம்மோனியா விட்டபோது முதலில் வெளிர்நீல வீழ்படிவு. மேலும் விட்டதும் அது கரைந்து மை போன்ற அடர்நீலக் கரைசல். தாமிரம்தான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நீலத்தை வெளிச்சத்தில் ஒரு கணம் பிடித்துப் பார்க்காமல் என்னால் கீழே வைக்க முடிவதில்லை.

வெளிர்பச்சைக் குப்பி அழுக்குப் பச்சை வீழ்படிவைத் தந்தது. இரும்பு(II), அதாவது இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட இரும்பு அயனி, என்று குறித்துக்கொண்டு குழாயைத் தாங்கியில் வைத்தேன். சற்றுப் பொறுத்துத் திரும்பினால், மேல் விளிம்பில் பழுப்பு படர்ந்திருந்தது. இரும்பு(III)தானோ என்று மனம் தடுமாறியது. உற்றுப் பார்த்தேன். காற்றுப்படும் இடத்தில் மட்டுமே பழுப்பு, அடியில் இன்னும் பச்சை. ஆக்சிஜன் அதை மெல்ல இரும்பு(III) ஆக்கிக்கொண்டிருந்தது. தொடக்கத்திலேயே இரும்பு(III) என்றால் முழுவதும் செம்பழுப்பாகவே விழுந்திருக்கும். புதிதாக எடுத்த கரைசலில் பொட்டாசியம் பெர்ரிசயனைடு விட்டேன், கருநீலம் வந்தது. இரும்பு(II)தான். தயோசயனேட்டை வேண்டுமென்றே தவிர்த்தேன். நாட்பட்ட இரும்பு(II) கரைசலில் துளி அளவு இரும்பு(III) இருந்தாலும் அது சிவப்பைக் காட்டிக் குழப்பிவிடும்.

மூன்றாவது குப்பியில்தான் சிக்கினேன். ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாக எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுக்குழாயிலிருந்து ஒரே அழுத்தாக அழுத்திவிட்டுக் குலுக்கினேன். தெளிவாக இருந்தது. 'வீழ்படிவு இல்லை' என்று எழுதினேன். அம்மோனியமாக இருக்கலாம் என்று சூடாக்கினேன், வாடை இல்லை. சுடர்ச் சோதனையில் சோடியத்தின் அழுத்தமான மஞ்சளும் இல்லை, பொட்டாசியத்தின் வெளிர் ஊதாவும் இல்லை. நாற்பது நிமிடம் போனது. கைகள் வியர்த்துவிட்டன.

வேறு வழியின்றி நான்காவதற்குப் போனேன். இம்முறை பயத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். முதல் சொட்டிலேயே வெள்ளை வீழ்படிவு. தொடர்ந்து விட விட அது மெலிந்து, கண்ணெதிரே கரைந்து மறைந்தது. அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது குப்பியிலும் வெள்ளை விழுந்திருக்கும். நான் கொட்டிய அளவில் பார்ப்பதற்குள் கரைந்திருக்கும். திரும்ப எடுத்து ஒரே ஒரு சொட்டு விட்டேன். பால் போல வெண்மை.

கால்சியம், மெக்னீசியம் தரும் வெள்ளை, மிகுதியான சோடியம் ஹைட்ராக்சைடிலும் கரையாது. கரைகிறது என்பதே பெரிய துப்பு: துத்தநாகம், அலுமினியம், ஈயம் என்று வட்டம் சுருங்கியது. இனிப் பிரிக்க வேண்டியது அம்மோனியா. நான்காவதன் வெள்ளை, மிகுதியான அம்மோனியாவிலும் கரைந்தது, துத்தநாகம். மூன்றாவதன் வெள்ளை அசையவே இல்லை. அலுமினியமா, ஈயமா?

பொட்டாசியம் அயோடைடு இரண்டு சொட்டு. குழாய் முழுவதும் பளிச்சென்ற மஞ்சள்! ஈயம்தான். இதிலும் அளவு மீறக் கூடாது. அயோடைடு மிகுந்தால் அந்த மஞ்சளும் கரையத் தொடங்கும். தண்ணீர் சேர்த்துச் சூடாக்கினேன். மஞ்சள் கரைந்து கரைசல் நிறமற்றதாயிற்று. தாங்கியில் வைத்துவிட்டு, 'வீழ்படிவு இல்லை' என்ற வரியை அடித்து, கண்டதைச் சரியாக எழுதினேன். நிமிர்ந்தபோது குழாய் ஆறியிருந்தது. பொன்தூள் போன்ற மெல்லிய தகடுகள் மின்னியபடி மெதுவாகச் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன.

மற்றக் குழாய்களையெல்லாம் காலிசெய்து முடித்த பிறகே, அதை ஈயக் கழிவுக்கான கலத்தில் ஊற்றினேன்.