முட்டைக்கு ஒரு காகிதக் கூடு

அக்காள் மகளின் பள்ளியில் நடக்கும் முட்டை வீழ்த்தும் போட்டியில், உயரத்திலிருந்து போடும் முட்டை உடையாதபடி ஒரு கூடு செய்ய வேண்டும்; அதற்குத் தாளும் பசையும் மட்டுமே அனுமதி. எடை குறைந்த கூட்டுக்குக் கூடுதல் மதிப்பெண். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம் என்பதால், நான்கு தாள்களுக்குள் முடித்துவிடத் தீர்மானித்தோம்.

10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். அந்த வேகம் 1 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் முட்டை தன் எடையைப்போல் ஏறத்தாழ 1000 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 10 சென்டிமீட்டரில் அடங்கினால் 100 மடங்குதான். ஆகவே முட்டையைச் சுற்றித் தாளைத் திணிப்பதைவிட, அதற்குக் கீழே நசுங்குவதற்கென்றே இடம் விடுவதுதான் முக்கியம்.

இதற்கு வேர்க்கடலைப் பொட்டலம் போன்ற கூம்பே பொருத்தமானது. நுனி முதலில் மடங்குகிறது. மேலே செல்லச் செல்லச் சுற்றளவு பெருகுவதால் எதிர்ப்பும் படிப்படியாகக் கூடுகிறது. ஆனால் தாளின் விளிம்புகளை அகலமாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால், அந்தப் பக்கம் மட்டும் விறைத்துக்கொண்டு கூம்பு மறுபக்கமாகச் சாய்ந்துவிடும். விரற்கடைக்கும் குறைவான ஒட்டே போதும்.

முட்டையை நிமிர்த்தி வைப்பதே பலமென்று பாடப்புத்தக அறிவு சொல்லும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட சோதனை முடிவோ, படுக்கைவாட்டில் விழும் முட்டையே குறைவாக விரிசல் காண்கிறது என்றது. நாங்களும் படுக்கவைத்தோம். மேலே மூடி தேவையில்லை; இரண்டு தாள் பட்டைகளைக் குறுக்காக ஒட்டினால் முட்டை துள்ளி வெளியே வராது.