ஃபேடரைக் கொஞ்சம் இறக்கினேன்

எங்கள் கோயிலில் சவுண்ட் மிக்ஸர் என் பொறுப்பு. (திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவ ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்.) முதல் மணிக்கு முன்பே போய் மைக்குகளைச் சோதித்துவிட்டு, பின்வாசல் ஓரத்து மேஜையில் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்து சபையாரின் முதுகுதான் தெரியும். யார் பாடுகிறார்கள் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். பாடுகிறவர்களுக்குத் தோள் லேசாக ஏறி இறங்கும். இரண்டு வருடமாகப் பெரும்பாலான தோள்கள் அசைவதே இல்லை.

முன்னால் நிற்கும் தம்பிகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் பிராக்டிஸ் பண்ணுகிற பிள்ளைகள். ஆனால் லீட் பாடுகிறவன் ஸ்கேலை, அதாவது சுருதியை, தன் குரலுக்கு வைத்துக்கொள்கிறான். பெரியவர்கள் இரண்டு வரி எட்டிப் பாடிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். வாராவாரம் புதுப் பாட்டு வேறு. சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தர் காலத்தில், 1524இல், ஜெர்மனியில் வந்த முதல் லூத்தரன் பாட்டுப் புத்தகத்தில் இருந்தது எட்டே எட்டுப் பாட்டு. அதை வைத்துக்கொண்டுதான் ஜனங்கள் பாட ஆரம்பித்தார்கள்.

என் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் கீர்த்தனைப் புத்தகத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். உபதேசியார் (பாதிரியாருக்கு உதவியாகச் சபையை நடத்துகிறவர்) சரணத்தை அடியடியாக எடுத்துக்கொடுப்பார், சபை திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவி வரும். அது ஆச்சியின் இடம். சரணத்தில் மறந்த வார்த்தைக்கெல்லாம் 'ம்ம்' போட்டு நகர்ந்து, பல்லவிக்கு வந்ததும் குரலை எடுப்பாள் பாருங்கள், பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கும். பாத்திரம் விளக்கும்போதும் இதே கதைதான். வாசிக்கத் தெரியாதவருக்கும் கீர்த்தனை ஒரு வாசல் வைத்திருக்கிறது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அந்த வாசல் சும்மா திறக்கவில்லை. ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர் (பாதிரியாரை ஐயர் என்போம்) மொழிபெயர்த்த ஜெர்மன் ஞானப்பாட்டுகள் 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. ஆனால் ராகதாளத்தோடு பாடுவது பிறகு வந்த மிஷனரிகள் சிலருக்குப் பிடிக்கவில்லை. 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் அந்த மிஷனரிகளை எதிர்த்து 1829இல் எழுதினார். அதே எழுத்தில் சாதி வித்தியாசத்துக்காகவும் வாதாடினார் என்பதை மறைக்க முடியாது, அது எனக்கு இன்றும் உறுத்தல்தான். அப்புறம் 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனைக்கென்றே தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியார் பாட்டுகளும் அதில் உண்டு.

போன ஞாயிறு காணிக்கைக்கு ஒரு பழைய கீர்த்தனை. என்ன நினைத்தேனோ, இரண்டாம் சரணத்தில் நாலு மைக்கின் ஃபேடரையும் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பொத்தான்) மெல்ல மெல்ல இறக்கினேன். கொஞ்ச நேரம் காணிக்கைப் பையில் சில்லறை விழும் சத்தம் மட்டும் கேட்டது. பல்லவி வந்தது. இடப்பக்கம் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல், அப்புறம் நாலைந்து, அப்புறம் தூண் ஓரத்துத் தாத்தாக்கள். ஆளாளுக்கு இழுத்த இழுப்பில் பாட்டு டிரம்ஸை விட்டுப் பின்தங்கியது. டிரம்ஸ் தம்பி நிமிர்ந்து பார்த்து, குச்சியை நிறுத்திவிட்டு, சபைக்காகக் காத்திருந்து சேர்ந்துகொண்டான். சுருதி அப்படி இப்படித்தான் இருந்தது. தோள்கள் எல்லாம் ஏறி இறங்கின.

ஆராதனை முடிந்ததும் லீட் பாடும் தம்பி நேரே என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணே, நடுவுல ஸ்பீக்கர் கட் ஆயிட்டா?"

"ஆமாடே, கேபிள் லூஸ்" என்றேன். கோயிலுக்குள் நின்றுகொண்டு பொய்.

"அடுத்த வாரம் நானே புதுக் கேபிள் வாங்கிட்டு வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.