ஆட்டுக்கறிக்கு எந்த ஸ்மோக்கர்?

டெக்சஸில் பேக்யார்டு உள்ள வீட்டுக்குக் குடிபோகும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி, "எந்த ஸ்மோக்கர் வாங்கலாம்?" ஸ்மோக்கர் என்றால் கறியைப் புகையிலும் மிதமான சூட்டிலும் மணிக்கணக்கில் வேகவைக்கிற அடுப்பு. போன வாரம் ஹூஸ்டனிலிருந்து என் தம்பி கேட்டான். போனில் பேசி முடிகிற விஷயமில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது ஆஸ்டினுக்கு வடக்கே, ரவுண்ட் ராக்கில். கிழக்கே அரை மணி நேரம் போனால் பார்பிக்யூ கடைகளுக்குப் பேர்போன டெய்லர். தெற்கே ஒரு மணி நேரம் போனால் லாக்ஹார்ட். டெக்சஸ் சட்டமன்றமே மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகர் என்று அறிவித்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானிய, செக் கறிக்கடைக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய கறியைப் புகை போட்டு விற்றதில் வளர்ந்த பழக்கம் இது. இன்று இங்கே புகைக்கறி என்றாலே பிரிஸ்கெட்தான், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி. அதனால் ஸ்மோக்கர் பற்றி யார் ஆலோசனை சொன்னாலும் பிரிஸ்கெட்டை மனதில் வைத்துத்தான் சொல்வார்கள். ஐந்தாறு கிலோ எடை, மேலே தடிமனாகக் கொழுப்பு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டிய கறி அது.

எங்கள் வீட்டில் வேகுவது ஆட்டின் முன்சப்பை, தொடை, கோழி, நவம்பரில் ஒரு வான்கோழி. பல தமிழ் வீடுகளில் இதேதான். வெள்ளாட்டுக்கறியில் கொழுப்பு குறைவு. உலர்ந்த சூட்டில் அதை மணிக்கணக்கில் வைத்தால் ஓரமெல்லாம் நார் நாராகக் காய்ந்துவிடும். ஆகவே எனக்கு முதல் கேள்வி, உங்கள் அடுப்பில் என்ன கறி ஏறப் போகிறது என்பது. அடுத்தது, நெருப்புப் பக்கத்தில் யார் நிற்கப் போகிறார்கள் என்பது. இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் ஸ்மோக்கர் தானாக முடிவாகிவிடும்.

டெய்லரிலும் லாக்ஹார்ட்டிலும் கடைகளில் பார்த்த மயக்கத்தில் எல்லோருக்கும் முதலில் ஆசை வருவது ஆஃப்செட் மீதுதான். படுத்திருக்கும் பெரிய இரும்பு உருளை, ஒரு பக்கம் விறகுப் பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி. நெருப்பு பக்கத்துப் பெட்டியில் எரிய, சூடும் புகையும் கறி மேல் தவழ்ந்து போகும். முழு விறகில் வேகும் கறிக்கு இருக்கும் ருசி வேறு எதிலும் வராது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒரு தடவை விறகு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விறகு காற்றில்லாமல் மூச்சுத் திணறினால் வெள்ளையாகக் குபுகுபுவென்று புகை வரும். அது கறியில் படிந்தால் கசக்கும். நல்ல நெருப்பில் புகை இருப்பதே தெரியாது, மெல்லிய நீலமாக ஓடும். அதைக் காப்பாற்ற ஒருவர் நாள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். பெரிய கடைகளில் இருநூறு, முந்நூறு டாலருக்குக் கிடைக்கும் ஆஃப்செட்டுகளில் தகடு மெல்லிசு, மூடி இடுக்கெல்லாம் புகை கசியும், காற்றடித்தால் சூடு இறங்கிவிடும். கால் அங்குலத் தகட்டில் செய்தது வேண்டுமென்றால் விலை ஆயிரங்களுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற வீட்டுக்கு இது ஒத்துவராது.

"அக்கா, பெல்லட் வாங்கிட்டா தொல்லையே இல்லைன்னு சொல்றாங்களே?" என்றான் தம்பி. ஓரளவு உண்மைதான். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகள்தான் பெல்லட்; அவற்றை ஒரு திருகாணித் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் குழிக்குத் தள்ளும், ஒரு விசிறி ஊதும், 225 டிகிரி (இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்குதான்) என்று வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஓரிகானில் ட்ரேகர் குடும்பம் இதற்கு 1986-ல் காப்புரிமை வாங்கியது. அது முடிந்த பிறகு பல கம்பெனிகள் இறங்கிவிட்டன. பெல்லட் நன்றாக முழுமையாக எரிவதால் புகை குறைவு, கறியில் வாசனையும் மிதமாகத்தான் இருக்கும். வேலை, குழந்தை என்று நிற்க நேரமில்லாதவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஹூஸ்டனில் ஒரு விஷயம் கவனிக்கணும். அந்த ஈரக்காற்றில் பெல்லட்டைப் பெட்டியிலேயே விட்டுவைத்தால் ஊதி மாவாகிவிடும், அப்புறம் தண்டு சிக்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் காலி செய்து, மூடியுள்ள வாளியில் எடுத்து வைக்க வேண்டும். பிளக் பாயிண்ட் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கமாடோ என்கிற பீங்கான் முட்டை அழகான பொருள். சுவர் தடிமனாக இருப்பதால் கொஞ்சம் கரியிலேயே சூடு மணிக்கணக்காக நிற்கும், தந்தூரிக் கோழியும் நான் ரொட்டியும் சுட இதைவிட நல்லது கிடையாது. பெரிய அளவு வாங்கினால் 70 கிலோவுக்கு மேல் எடை, விலையும் அதிகம், சூடு ஒருமுறை ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. எலக்ட்ரிக் பெட்டி மீன், பன்னீர், முந்திரிக்குப் பரவாயில்லை. ஆட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் இருப்பது தண்ணீர்ச் சட்டி வைத்த நிமிர்ந்த ஸ்மோக்கர். துப்பாக்கிக் குண்டு வடிவில் நிற்பதால் இங்கே புல்லட் என்பார்கள். வெபர் கம்பெனி 1981 முதல் இதைச் செய்கிறது. 14, 18, 22 அங்குலம் என்று மூன்று அளவு. அடியில் கரி, அதற்கு மேல் தண்ணீர்ச் சட்டி, அதற்கும் மேல் இரண்டு கம்பித் தட்டு, அவ்வளவுதான். அந்தச் சட்டிதான் எனக்கு முக்கியம். தணலின் நேர் சூடு கறியில் படாமல் மறைக்கிறது, சூட்டை எகிற விடாமல் பிடிக்கிறது, உள்ளே ஈரம் வைக்கிறது. கொழுப்பில்லாத ஆட்டுக்கறிக்கு இந்த மூன்றும் வேண்டும்.

கரி வளையத்தைப் பற்றவைக்காத கரியால் நிரப்புகிறேன். கைப்பிடி அளவு மரத்துண்டு மூன்று நாலை அதில் அங்கங்கே புதைக்கிறேன், நனைக்காமல். தனியாகச் சிம்னியில், அதாவது கரி பற்றவைக்கும் தகரக் குழாயில், பற்றவைத்த கொஞ்சம் தணலை மேலே கொட்டினால் நெருப்பு மெதுவாகக் கீழே இறங்கும். அடியில் மூன்று காற்றுத் துளை; சூடு 225-ஐ நெருங்கும்போதே இரண்டை மூடிவிட்டு மூன்றாவதைப் பாதி திறந்து வைப்பேன். மேல் துளை எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கும், புகை உள்ளே தங்கக் கூடாது. இப்படி வைத்தால் எட்டு மணி நேரம் கரி தாங்கும். நடுவில் ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் போதும். கோழிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றாமல் துளை எல்லாம் திறந்து 325-க்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் தோல் ரப்பராகிவிடும்.

ஆட்டுக்கறி வாங்கும்போது ஹலால் கடையில் நாம் வாயைத் திறப்பதற்குள் குழம்புக்கு நறுக்கிவிடுவார்கள். முன்சப்பை முழுசாக வேண்டும் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். மிளகு, சோம்பு, கல்லுப்பு, கொஞ்சம் பூண்டு இடித்துத் தடவி முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். கறியின் உள்சூடு 160 டிகிரிப் பக்கம் வந்ததும் மேலே ஏறாமல் அப்படியே நின்றுவிடும். மேல்பக்கத்து ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் நடப்பது அது, பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் ஃபாயிலில் சுற்றி மறுபடி உள்ளே வைத்து, 200 வந்ததும் எடுத்தால் எலும்பு கையோடு வந்துவிடும். ஆட்டுக்கு இதெல்லாம் சரிப்படுமா என்று யோசிப்பவர்களுக்கு: இதே டெக்சஸில் பிரேடி என்ற ஊரில் ஆட்டுக்கறி பார்பிக்யூவுக்கென்றே உலகப் போட்டி வைக்கிறார்கள், 1974-ல் ஆரம்பித்தது.

புகைக்கான மரத்துக்கு இந்தப் பக்கம் போஸ்ட் ஓக் என்கிற ஒரு வகை ஓக் மரம்தான் எல்லோரும் போடுவது. ஆட்டுக்கு எனக்குப் பெக்கான் மரம் இன்னும் பிடிக்கும், இனிப்பான புகை. மெஸ்கீட் வேண்டாம். அது நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். கரியாக்கினால் அருமையான தணல், விறகாக மணிக்கணக்கில் புகைய விட்டால் கறி காரமாகக் கசக்கும்.

தம்பி வீட்டில் நாலு பேர், வார இறுதியில் விருந்தாளிகளோடு பத்துப் பன்னிரண்டு பேர். அதற்கு 18 அங்குலப் புல்லட் போதும். 22 அங்குலம் கரியைத் தின்னும், நிறையப் பேருக்கு அடிக்கடி சமைப்பவர்களுக்குத்தான் அது. மிச்சமாகும் காசில் இரண்டு கம்பியுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கட்டும். மூடியில் பதித்த முள் காட்டுவதும் கறி இருக்கும் தட்டில் உண்மையில் இருக்கும் சூடும் பல சமயம் ஒத்துப்போகாது. ஒரு கம்பி தட்டுக்கு, இன்னொன்று எலும்பில் படாமல் சப்பையின் தடித்த பாகத்துக்கு.