வைப்பர் ஓடாத நாட்கள்

ஜூன் 15, 2023

அக்காவின் டெஸ்ட் ரிப்போர்ட் திங்கட்கிழமைதான் வருமாம். நாலு நாள் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியாது என்றாள் அக்கா. "பேக்கல் போலாம்டி. எத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கோம்." 'பம்பாய்' படத்தின் 'உயிரே' பாட்டை எடுத்த கேரளக் கடலோரக் கோட்டை அது. 1995-ல் வாங்கிய அந்தப் படத்தின் பாட்டுக் கேசட்டைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். காரில் கேசட் போட இடமே கிடையாது. இருக்கட்டும் என்றாள்.

நான் போய் வைப்பருக்குப் புது பிளேடு மாற்றிக்கொண்டு வந்தேன். ஜூன் மாதக் கேரளா ஆயிற்றே.

ஜூன் 16

பாலக்காடு தாண்டியாயிற்று. மழை இல்லை.

ஜூன் 16, இரவு

கோழிக்கோடு. சாயங்காலம் புதியாப்பா துறைமுகம் வரை போனோம். விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக்கிடந்தன. ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை இழுவலை போட்டு மீன்பிடிக்கத் தடை, 52 நாள். அக்கா வெகுநேரம் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்களுக்குத் தேதியாவது தெரியும்" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தேநீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். ஊசி போட்ட இடம் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 17

கடலோரப் பயணம் என்று பெயர்தான். என்.எச். 66-ல் பாதி நேரம் கடலே கண்ணில் படாது. ஆறுவழிச் சாலை வேலை நடக்கிறது. செம்மண் தூசி, மாற்றுப்பாதை, திரும்பவும் தூசி. "தூசிக்காவது வைப்பரைப் போடேன்" என்றாள். காய்ந்த கண்ணாடியில் போட்டால் புது பிளேடு கீறிவிடும் என்றேன். அதற்கொரு சண்டை. மாஹே வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. நாலு தெருதான் இருக்கும், அதற்குள் வரிசையாக மதுக்கடைகள். புதுச்சேரி ஆட்சி, விலை குறைவு. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முழப்பிலங்காடு கடற்கரையில் சுமார் நாலு கிலோமீட்டர் மணலில் கார் ஓட்டலாம். மழைக்காலமாம், வண்டியை இறக்க விடவில்லை. எங்கே மழை? வானத்தைக் காட்டினேன். அந்த ஆள் கடலைக் காட்டினார். சரி.

மூன்று மணிக்குப் பேக்கல். கொளுத்தும் வெயில். 'உயிரே' பாட்டுக் காட்சியில் பார்த்ததெல்லாம் ஈரம், காற்று, இருட்டிக்கொண்டு வரும் வானம். ராஜீவ் மேனன் கேமராவில் பிடித்ததை நாம் கண்ணால் பார்க்க முடியாதோ என்னவோ. கோட்டை வறண்டு, சூடாக, பெரிதாகக் கிடந்தது. 40 ஏக்கர். உள்ளே அரண்மனை எதுவும் இல்லை. கர்நாடகத்துக் கேளடி அரசர் சிவப்ப நாயக்கர் காலத்துக் கோட்டை, காவலுக்காக மட்டும் கட்டியது. படத்தில் கதை தமிழ்நாட்டுக் கிராமத்தில் நடக்கிறது. அதனால் சின்ன வயதில் இது நம் ஊர்ப் பக்கம்தான் என்று நம்பி, பஸ்ஸில் கூட்டிப் போகச் சொல்லி அப்பாவை அரித்திருக்கிறேன்.

அரவிந்த்சாமி நின்ற இடம் இதுவா அதுவா என்று அரைமணி நேரம் தேடினோம். எல்லா இடமும் அதே மாதிரி இருந்தது. அக்கா ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, "இதுதான்" என்று முடித்துவிட்டாள். ஹரிஹரன் பாடும் வரிகளை மெதுவாக முணுமுணுத்தாள். சித்ரா வரும் இடத்தில் நிறுத்திவிட்டாள்.

மதிலில் துப்பாக்கி வைக்கும் துளைகள் உண்டு. மேலே இருப்பது தூரத்தில் வருகிற எதிரிக்கு, நடுவில் கொஞ்சம் பக்கம் வந்தவனுக்கு, அடியில் இருப்பது மதிலுக்குக் கீழேயே வந்துவிட்டவனுக்கு. அக்கா குனிந்து அடித்துளையில் கண்ணை வைத்தாள். கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. நான் போனை எடுத்து சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன். இன்றைக்குச் சனிக்கிழமை, யாரும் கூப்பிடப் போவதில்லை.

"அதை உள்ளே வை" என்றாள், திரும்பாமலே.

ஜூன் 18

திரும்புகிறோம். கண்ணூர் தாண்டி ஐந்து நிமிடம் மழை. வைப்பர் கீச்சென்று கத்தியது. புது பிளேடு! "நூறு வருஷத்துக்கு உழைக்கும்" என்றாள். அப்புறம் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள், ஊசி போட்ட கையை. நனையும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 19

ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடச் சொன்னார்கள். இப்போது எட்டு நாற்பது. அக்கா கேசட்டின் நாடாவைப் பென்சிலால் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.