காசிமேட்டிலிருந்து மயிலிட்டிக்கு

"யாழ்ப்பாணம் போய் வரலாமாப்பா?" என்று கேட்டதும் அப்பா திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "அங்க ஹார்பர் எங்க இருக்கு?" காசிமேட்டில் முப்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்னால் மீன் ஏலம் நடக்கும் இடத்தைத்தான் தேடுவார்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2019 நவம்பரில் விமானம் விட்டார்கள். கொரோனாவில் நின்றுபோய், 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. சின்ன விமானம். ஒன்றரை மணி நேரத்துக்குள் பலாலியில் இறங்கிவிட்டோம். ராயபுரத்திலிருந்து மீனம்பாக்கம் போக எங்களுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

தங்கியது ஒரு வீட்டின் மாடியறையில். போர் முடிந்தபிறகு இப்படிப் பயணிகளுக்கு அறை விடும் வீடுகள் அங்கே நிறைய. அந்த வீட்டு அக்கா முதல் இரவே ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுத்தார். ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு; அதன் மாவில் காய்ச்சுவது. நண்டு, இறால், மீன், பயற்றங்காய், புளி, நல்ல உறைப்பு. அப்பா இரண்டு முறை வாங்கிக் குடித்தார். போகிறவர்கள் இப்படி ஒரு வீட்டிலேயே தங்குங்கள். கொடுக்கும் பணம் நேராக அந்த அடுப்படிக்குப் போய்ச் சேரும்.

நல்லூர் கோயிலும் கோட்டையும் பார்த்தோம். பொது நூலகத்துக்கும் போனோம். 1981-இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அங்கே சாம்பலாயின. இப்போது பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஃபோனை வெளியே எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் நெடுந்தீவு. குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து ஒரு மணி நேரம். அன்று அலை கொஞ்சம் தூக்கித்தான் போட்டது. நான் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, அப்பா படகோட்டிக்குப் பின்னால் போய் நின்று, அலையை அவர் எப்படி வெட்டிப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தார். தீவில் பவளக்கல் அடுக்கிய வேலிகள், வெட்டவெளியில் மேயும் குதிரைகள். ஒரு பகல் முழுவதையும் அதற்கு ஒதுக்க வேண்டும்.

கடைசி நாள் அப்பா கேட்ட ஹார்பருக்குப் போனோம். மயிலிட்டி, பலாலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கில் பேர்போன மீன்பிடித் துறைமுகம். 1990-இல் சனம் இடம்பெயர்ந்தபின் ராணுவத்தின் பிடியில் இருந்து, 27 ஆண்டுகள் கழித்து 2017-இல்தான் மீனவர்களிடம் திரும்பி வந்தது. போகும் வழியில் கூரையில்லாத வீடுகள், உள்ளே மரம் வளர்ந்து நிற்கிறது. துறைமுகத்திலோ ஐஸ், டீசல், கருவாட்டு வாசனை. எங்கள் தெருவுக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது.

வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். "எங்கயிருந்து வாறியள்?"

"மெட்ராஸ். காசிமேடு."

"றோலரோ?"

டிராலரை, இழுவைப்படகைத்தான் கேட்டார். அப்பா பேசவில்லை. ஓரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு பிடிபட்ட படகுகள் நின்றன. "எங்க லாஞ்சு ஆந்திரா பக்கம்தான் போகும்" என்றார் கடைசியில்.

பெரியவர் கோபப்படவில்லை. "முந்தி கடலுக்குப் போக விடேல்லை. இப்ப போகலாம், வலைதான் மிஞ்சுதில்லை" என்று அறுந்த இடத்தை விரித்துக் காட்டினார். கடலடியை வாரிக்கொண்டு, வழியில் கிடக்கும் வலைகளையும் அறுத்துப் போகும் வலை இழுவைமடி. துறைமுகம் திரும்பக் கிடைத்த அதே ஆண்டில்தான் இலங்கை அதைத் தடை செய்தது. எல்லை தாண்டிப் போகும் நம் படகுகள் இன்னும் அதைத்தான் போடுகின்றன. போரில் எல்லாம் இழந்து மறுபடி கடனில் வலை வாங்கியவர்கள் இவர்கள். இதைப் பார்க்காமல் கோயிலும் தீவும் மட்டும் பார்த்துத் திரும்பியிருந்தால் பயணம் பாதிதான் என்பேன்.

"நானும் மடி இழுத்தவன்தாண்ணே. அடியில ஒண்ணும் மிஞ்சாது, எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்புறம் பேச்சு மீனுக்குப் போனது. நம்ம வஞ்சிரம் அங்கே அறக்குளா. நெத்திலி அங்கே நெத்தலி. விமானத்துக்கு நேரமாகிறது என்று நான்தான் கிளப்ப வேண்டியிருந்தது.

"அடுத்தமுறை நாகபட்டினத்தில இருந்து கப்பலில வாங்கோ. காங்கேசன்துறை இந்தா, கிட்டத்தான்" என்றார் பெரியவர். "வாடை முடியட்டும். அதுக்கு முதல் வந்தால் கடல் விடாது."

"மாசி மாசம் வர்றேன்" என்றார் அப்பா.