எவ்வளவுக்கு வாங்கினாய் என்று டாக்டர் கேட்டார்

தம்பி காளான் சாப்பிடுகிறான் என்று அவன் நண்பன் ஒருவன் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டில் காளான் என்றால் ஞாயிற்றுக்கிழமை அம்மா மிளகு தூக்கலாகப் போட்டு வறுப்பது. இது வேறு காளான், கொடைக்கானல் பக்கம் பையன்கள் போதைக்காகத் தேடிப் போகிற மேஜிக் மஷ்ரூம் என்று புரிய இரண்டு நாள் ஆனது. அதற்குள் அவன் சமையலறைச் சுவர் மூச்சு விடுகிறது என்று சொல்லிவிட்டு, ராத்திரி முழுக்க ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்திருந்தான்.

நாங்கள் பெங்களூரில் அல்சூர்க்காரர்கள், அவனுக்கு வேலை ஒயிட்ஃபீல்டில். சனி ஞாயிறு டிரிப் போய்வந்த பையன், கொடைக்கானல் போகாமலேயே பொட்டலம் கைக்கு வரும் என்று எப்போதோ கண்டுபிடித்திருக்கிறான்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம், பக்கத்து லேபில் போதைப்பொருள் டெஸ்ட் எடுத்தது. எல்லாம் நெகட்டிவ். அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டார். சாதாரணமாக எடுக்கிற சிறுநீர் டெஸ்டில் கஞ்சா, ஓபியம், ஆம்பெட்டமைன் மாதிரியானவைதான் பார்ப்பார்கள், காளானில் இருக்கிற சைலோசைபின் அதில் வரவே வராது என்று லேபில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் காகிதத்தை நம்பியே ஒரு மாதம் போனது.

அடுத்தது ஒரு தனியார் மறுவாழ்வு மையம். போனில் பேசியவர் டாக்டரா என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் இல்லை. மூன்று மாதப் பணம் முன்கூட்டியே கட்டிவிட்டால் ராத்திரியே வேன் அனுப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம் என்றார். பையன் என்ன சாப்பிட்டான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. 2017 மனநலச் சட்டப்படி இப்படிப்பட்ட இடங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண் என்ன என்று கேட்டதும் போன் கட்.

அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு 14416 போட்டேன். டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். மொழி கேட்டது, தமிழை அழுத்தினேன். எடுத்த பெண் அவசரப்படாமல் பேசினார். தற்கொலைப் பேச்சு உண்டா, யாரையாவது அடிக்க வருகிறானா, தூங்கி எத்தனை நாள், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, தள்ளிப்போடாமல் நேரில் காட்டுங்கள் என்றார்.

பெங்களூரிலேயே இருக்கிற அரசு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ். அந்தப் பேரைச் சொன்னதும் அம்மா, "அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி, நாளைக்கு இவனுக்கு யார்டி பொண்ணு கொடுப்பா?" என்று ஆரம்பித்தார். தம்பிக்கு வேறு பயம், போலீஸ். அவன் பயத்தில் பாதி உண்மை, சைலோசைபின் 1985 போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, சாப்பிட்டாலே குற்றம். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அதற்காக அவர் மேல் வழக்கு நடத்த மாட்டார்கள், ஆனால் சிகிச்சையை முழுசாக முடிக்க வேண்டும். இவன் மேல் வழக்கே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவனைப் பிடித்துக் கொடுப்பது டாக்டர் வேலையும் இல்லை, நோயாளி சொன்னதை ரகசியமாக வைப்பது அந்த 2017 சட்டத்திலேயே இருக்கிறது. இதை அவனுக்குப் புரியவைக்க ஒரு வாரம். நடுவில் ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டான்.

ஓசூர் ரோடு வளாகத்துக்குக் காலையிலேயே போய்விட்டோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒரு குடும்பம், பின்னால் சேலத்துக்காரர் ஒருவர். அம்மாவுக்குப் பாதி பயம் அந்த வரிசையிலேயே போய்விட்டது என்று நினைக்கிறேன். பதிவு, முதல்கட்ட விசாரணை, அப்புறம் போதை சிகிச்சைப் பிரிவு. மதியச் சாப்பாடு தாண்டிவிட்டது.

டாக்டர் முதலில் கேட்டது, "ஒரு தடவைக்கு எவ்வளவு கொடுத்தாய்?" எனக்கு எரிச்சல், விலையைத் தெரிந்துகொண்டு இவருக்கு என்ன ஆகவேண்டும்? தம்பி வாயே திறக்கவில்லை. நான் மொபைலில் அவன் பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் காட்டினேன். ஜூனில் இரண்டு சனிக்கிழமை, தடவைக்கு எண்ணூறு ரூபாய். ஆகஸ்டில் வாராவாரம் ஆயிரத்து ஐநூறு. அப்புறம் புதன்கிழமையும் சேர்ந்தது, கடைசியில் சாக்லேட் என்று ஒன்றுக்கு மூவாயிரம். ஐந்து மாதத்தில் அறுபதாயிரத்துக்கு மேல், கிரெடிட் கார்டு பாக்கி தனி. டாக்டர் அந்தப் பட்டியலில் விரல் வைத்துச் சொன்னார்: காளான் குடி மாதிரி உடம்பைப் பிடித்து ஆட்டாது, நிறுத்தினால் கை நடுங்காது. ஆனால் பழக்கம் சீக்கிரம் ஏறும், அடுத்தடுத்த நாள் அதே அளவு வேலை செய்யாது, அதனால் அளவு கூடும். எவ்வளவு சாப்பிட்டோம் என்று யாருக்கும் சரியாக நினைவிருக்காது, கொடுத்த பணம் நினைவிருக்கும். சாக்லேட்டில் காளான்தான் இருந்தது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, வேறு ரசாயனம் கலந்திருக்கலாம். விலை பேசிப் பார்த்தாயா என்று கேட்டார், தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் பேசினான்.

அடுத்த கேள்வி அம்மாவுக்கு. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா? "அதெல்லாம் இல்லை சார்." நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இவன் சித்தப்பாவைக் குணசீலம் கோயில்ல 48 நாள் வச்சிருந்தோம்" என்றார். மனநலம் சரியில்லாதவர்களைக் கொண்டுபோய்த் தங்கவைக்கிற கோயில் அது. எனக்கே இது தெரியாது, சித்தப்பா வெளியூரில் வேலை பார்த்தார் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். அப்படிப்பட்ட குடும்பத்துப் பையனுக்கு இந்த மாதிரிப் பொருள் மனச்சிதைவைக் கிளப்பிவிட வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் விளக்கினார். ஐந்தாறு மணி நேரத்தில் இறங்க வேண்டிய போதை இவனுக்கு வாரக்கணக்கில் சுவரை அசைத்தது ஏன் என்று அப்போதுதான் ஒரு பிடி கிடைத்தது.

படுக்கையில் சேர்க்கவில்லை. ராத்திரிக்கு மாத்திரை, வாராவாரம் கவுன்சிலிங், பணம் என் கையில். முதல் மாதம் தூங்கித் தூங்கியே கழித்தான், எடை ஏறியது, ஆபீசில் மெடிக்கல் லீவு கேட்க நான் பட்ட பாடு தனிக் கதை. சுவர் இப்போது சும்மா இருக்கிறதாம். இருட்டில் விளக்கைப் பார்த்தால் மட்டும் ஓரத்தில் ஏதோ இழுக்கிறது என்கிறான், அதையும் சீட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அடுத்த தேதி வரும் வியாழக்கிழமை. எனக்கு லீவு கிடைக்காது என்றேன். நானே கூட்டிப் போகிறேன், எந்த பஸ் என்று மட்டும் சொல் என்றார் அம்மா.