“டாக் அப்டேட் பண்ணணும்” என்று மட்டும் வரும் டிக்கெட்

மென்பொருளுக்கான கையேடு, உதவிப் பக்கம் போன்ற டாக்குகளை (டாக்குமென்ட்களை) எழுதும் டெக்னிக்கல் ரைட்டருக்கு வேலை எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். சாட்டில் ஒரு வரி, மீட்டிங் முடிந்து எழும்போது ஒரு வார்த்தை, பத்துப் பேருக்குப் போன மெயிலின் அடியில் ஒரு வேண்டுகோள். டீமின் வேலைப் பட்டியலில் டிக்கெட்டாகப் பதிவாகும்வரை இவற்றை வேலையாக எண்ணாதீர்கள். கேட்டவர் டிக்கெட் போடவில்லையா? அவர் எழுதியதையே ஒட்டி நீங்கள் ஒன்று போட்டு, லிங்கை அவருக்கே அனுப்புங்கள். நாலைந்து தடவை அப்படிச் செய்தால் பலருக்கு அதுவே பழகிவிடும்.

டிக்கெட் ஃபார்மில் இருபது கேள்வி வைத்தால் யாரும் நிரப்பமாட்டார்கள். ஐந்து போதும்: என்ன மாறியது, யார் படிக்கப்போகிறார்கள், எந்த ரிலீஸ், எந்தப் பில்டில் (ஓட்டிப் பார்க்கத் தயாரான மென்பொருள் பதிப்பில்) செய்துபார்க்கலாம், சரிபார்ப்பவர் யார்.

“லாகின் பக்கத்து டாக்கை மாத்தணும்” என்று ஒரு டிக்கெட் வருகிறது என்று வையுங்கள். என்ன மாறியது என்று கேட்டால், ஓடிபி செல்லுபடியாகும் நேரம் 10 நிமிடத்திலிருந்து 5 ஆகிவிட்டது என்கிறார்கள். பயனர் கையேட்டில் ஒரு எண்ணை மாற்றினால் முடிந்ததா? அந்த நேரத்தை அட்மின் மாற்ற முடியுமென்றால் அட்மின் கையேட்டிலும் அது இருக்கும். “ஓடிபி காலாவதியானது” என்ற பிழைக்கான உதவிப் பக்கத்திலும் இருக்கும். பழைய எண்ணைத் தேடிப் பார்க்காமல் டிக்கெட்டை மூடினால், ஒரு பக்கம் 5 என்றும் மற்ற இரண்டும் 10 என்றும் சொல்லிக்கொண்டிருக்கும்.

வேலை பெரும்பாலும் சிக்குவது ரிவ்யூவில்தான். சரிபார்ப்பவர் என்ற இடத்தில் “டெவ் டீம்” என்று இருந்தால் யாருமே பார்க்கமாட்டார்கள் என்று அர்த்தம். ஒரே ஒரு ஆளின் பெயர் வேண்டும், அவர் லீவில் போனால் பார்க்க இன்னொருவர் பெயரும். “பாருங்கள்” என்று மொத்த டிராஃப்டை அனுப்பாமல், “3-ஆம் படியில் உள்ள கமாண்ட் சரியா?” என்று கேட்டால் பதில் சீக்கிரம் வரும். கெடு தாண்டினால் ரிவ்யூ இல்லாமலே வெளியிடும் வழக்கம் சில டீம்களில் உண்டு. சொல் திருத்தத்துக்கு அது பரவாயில்லை. டேட்டாவை அழிக்கும் கமாண்ட், பாதுகாப்பு செட்டிங் போன்றவற்றுக்கு அது கூடவே கூடாது.

எல்லாரும் “அர்ஜென்ட்” என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு வெளிவராவிட்டால் யாருக்கு என்ன நிற்கும் என்று கேளுங்கள். தவறான வழிமுறையைத் திருத்துவது முதலில், ரிலீஸ் தேதி உள்ளவை அடுத்து, நடைத் திருத்தங்கள் கடைசியில். திரை வடிவம் இறுதியாகும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே வேண்டாம், மறுபடி எடுக்க நேரும். இரண்டு வேலை மோதினால் எது முந்தி என்பதை பிராடக்ட் மேனேஜர்தான் சொல்லவேண்டும். அதற்கு வாரம் அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

டெவலப்பரின் டிக்கெட்டிலேயே “டாக் மாறுமா?” என்று ஒரு கட்டாயக் கேள்வி வைக்கலாம். அதில் “இல்லை” முன்கூட்டியே தேர்வாகியிருக்கக் கூடாது. இருந்தால் எல்லாரும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

குழப்பும் பட்டனுக்கு விளக்கக் குறிப்பு எழுதச் சொல்லி வரும் டிக்கெட்டை, பட்டனின் பெயரை மாற்றச் சொல்லி டிசைன் டீமுக்கே திருப்பி அனுப்புங்கள்.